அங்கேயும் பின்வாசலா?

"தெருக்கதவைத் திறந்ததும் நேரே ஒரு கண்ணாடிக் கதவு தெரியும். அது வேண்டாம். அதைத் தாண்டி முற்றத்துக்கு வாருங்கள். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இடப்புறம் ஒரு சிறிய கதவு இருக்கும். அந்தப் படிக்கட்டில் ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

பாரிஸில் நான் வாடகைக்கு எடுத்த அறைக்கு வழி சொல்லி வீட்டுக்கார அம்மா அனுப்பிய குறுஞ்செய்தி இது. அலுவலகப் பயிற்சிக்காக ஜெர்மனி போயிருந்தேன். திரும்பும் வழியில் நான்கு நாள் விடுப்பு போட்டு பாரிஸ் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இணையத்தில் தேடியதில் இருப்பதிலேயே மலிவானது இந்த அறைதான். ஜன்னல் வழியாகக் கூரைகள் தெரியும் படத்தைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டேன். படிக்கட்டைப் பற்றி விளம்பரத்தில் இருந்ததை நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவப்புக் கம்பளம் விரித்த அகலமான படிக்கட்டு தெரிந்தது. பித்தளைக் கைப்பிடி பளபளத்தது. படிகளுக்கு நடுவே கூண்டு மாதிரி ஒரு சின்ன லிஃப்ட். நான் இருபது கிலோ பெட்டியோடு குப்பைத் தொட்டிகளைத் தேடி நடந்தேன். அந்த முற்றத்தைக் கடப்பதற்குள் என் உடம்பு இறுகிவிட்டது தோழர்களே. அந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. என் பெயரை வைத்து அவர்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் 'பின்பக்கமா வா' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று தலை குனிந்துகொண்டது. எங்கிருந்து வந்தது அந்தக் குனிவு?

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். நூற்றுப் பதினெட்டு. ஒரு ஆள் மட்டும் போகும் அகலம், சுழன்று சுழன்று ஏறும் மரப்படி. ஒவ்வொரு மாடியிலும் ஒரு குறுகிய கதவு இருந்தது. அவை அந்தந்த வீட்டுச் சமையலறையின் பின்கதவுகள் என்று பிறகுதான் தெரிந்தது. உச்சியில் நீளமான இருண்ட நடை, இருபுறமும் எண் போட்ட கதவுகள். நடையின் கோடியில் அந்த மாடிக்கே பொதுவாக ஒரு கழிப்பறை. என் அறையின் கூரை சரிந்து இறங்கியது. கட்டிலின் ஒரு பக்கம் நிமிர்ந்து உட்கார முடியாது. கட்டிலுக்குத் தலைமாட்டில் குளிக்கும் கூண்டு, அலமாரியைத் திறந்தால் அதற்குள் அடுப்பு. நம் கணக்கில் நூறு சதுர அடி இருக்கும்.

இத்தகைய அறைக்கு பிரெஞ்சில் 'ஷாம்ப்ர் த பொன்' என்று பெயர். பணிப்பெண் அறை என்று பொருள். 1853 முதல் 1870 வரை பாரிஸ் நகரத்தின் ஆட்சியராக இருந்த ஓஸ்மான், பழைய குறுகிய தெருக்களை இடித்து அகலமான சாலைகள் போட்டார். அந்தச் சாலைகளின் இருபுறமும் எழுந்த கட்டடங்களைத்தான் இன்று உலகமே அழகு என்று படம் பிடிக்கிறது. அந்த அழகுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பணக்காரக் குடும்பங்களுக்கு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லாத காலத்தில் அதிகம் ஏற வேண்டாத உயரம் அது. மேலே போகப் போக வாடகையும் மரியாதையும் குறையும். கூரைக்கு அடியில், கோடையில் வேகும், குளிரில் உறையும் உச்சி மாடி வேலைக்காரர்களுக்கு. அவர்கள் எஜமானர்களின் படிக்கட்டில் எதிர்ப்படக் கூடாது என்பதற்காகவே இந்தப் பின்படிக்கட்டு. கரி, தண்ணீர், மலச்சட்டி, குப்பை எல்லாம் இதன் வழியாகத்தான் ஏறி இறங்கின. எமில் ஜோலா 1882-இல் வெளியிட்ட 'போ-பூய்' நாவல் இப்படி ஒரு கட்டடத்தைத்தான் களமாகக் கொண்டது. முன்பக்கம் ஒழுக்கம் பேசும் குடும்பங்கள், பின்பக்கம் அவர்களின் அழுக்கு முழுவதையும் அறிந்த பணிப்பெண்கள்.

இந்த அறைகளில் வாழ்ந்தவர்கள் யார்? முதலில் பிரெஞ்சு கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், குறிப்பாக வறுமையில் கிடந்த பிரிட்டனிப் பகுதிப் பெண்கள். ரயிலேறி மோன்பர்னாஸ் நிலையத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களைக் கேலி செய்து 1905-இல் ஒரு சித்திரக்கதைப் பாத்திரமே பிறந்தது. பெகாசீன் என்ற அந்தப் பணிப்பெண்ணுக்கு ஓவியர் வாய் வரையவில்லை. வேலைக்காரிக்குக் கை போதும், வாய் எதற்கு? பிறகு 1960-களில் பிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து வந்த பெண்கள், அடுத்து போர்த்துக்கல்காரர்கள். இன்று மாணவர்கள், தனியாளாகப் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், என்னைப் போல நான்கு நாள் தங்கிப் போகிறவர்கள்.

மூச்சு வாங்கி முடிந்ததும் அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அறையைச் சுற்றிக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன். படிக்கட்டுக் கதையையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஏன்டா, பிளேன் ஏறி அவ்ளோ தூரம் போயி, அங்கயும் பின்வாசலா?"

என் அம்மா இருபத்திரண்டு வருடமாக வீட்டு வேலை செய்கிறார். நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தபோது வேலை பார்த்த வீடுகள் நடந்துபோகும் தூரம். எங்களை நகரத்துக்கு வெளியே எட்டு மாடிக் குடியிருப்பில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு இரண்டு பேருந்து மாறிப் போகிறார். முன்பு தனி வீடுகளில் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போவார். இப்போது அடுக்குமாடி. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றின் மேல் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: வேலையாட்கள், டெலிவரி ஆட்கள், நாய்கள் இதைப் பயன்படுத்தவும். அந்த லிஃப்ட் ரிப்பேர் ஆகும் நாட்களில் அம்மா நான்கு மாடி ஏறுகிறார். அவருக்கு முட்டி தேய்ந்திருக்கிறது. பக்கத்து லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். "அதுல ஏறுனா யாராவது ஏதாவது சொல்லுவாங்கடா, எதுக்கு வம்பு" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் அவரைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. திட்ட வேண்டிய அவசியமே வராதபடி அவர் நடந்துகொண்டார். முற்றத்தில் என் உடம்பில் இறங்கிய குனிவு அங்கிருந்து வந்ததுதான்.

மறுநாள் மாலை வீட்டுக்கார அம்மா காபிக்கு அழைத்தார். எழுபது வயது இருக்கும். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். சமையலறைப் பின்கதவைத் திறந்துதான் என்னை உள்ளே விட்டார், அந்தப் படிக்கட்டிலிருந்து அதுதான் பக்கம். மேசையில் உட்கார வைத்து, தான் குடிக்கும் அதே மாதிரிக் கோப்பையில் காபி ஊற்றிக் கொடுத்தார். நான் கோப்பையைக் கவனித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நம்மில் பலர் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் முதலில் கோப்பையைத்தான் பார்ப்போம்.

அந்த லிஃப்டில் நான் ஏன் போகக் கூடாது என்று கேட்டேன். அவர் சங்கடப்படவில்லை. லிஃப்டைப் பராமரிக்கும் செலவு அதைப் பயன்படுத்தும் வீடுகளுக்கு மட்டும். மேல்மாடி அறைகள் பின்படிக்கட்டோடு மட்டுமே இணைந்தவை, அவற்றுக்கு அந்தச் செலவில் பங்கு இல்லை, ஆகவே சாவியும் இல்லை என்றார். அவருடைய பாட்டி காலத்தில் அந்த அறையில் பிரிட்டனிப் பெண் ஒருத்தி இருந்தாளாம், பெயர்கூட யாருக்கும் நினைவில்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு அது வெட்கமான விஷயம்" என்றார்.

நான் இதை பிரான்சின் புகழ் பாடச் சொல்லவில்லை. வெட்கப்பட்டவர் வாடகையைக் குறைக்கவில்லை. அந்த மாடியில் எனக்கு எதிர் அறையில் ஒரு ஆப்பிரிக்கத் தொழிலாளி இருந்தார். இரவு வேலை முடித்து விடியலில் நூற்றுப் பதினெட்டு படி ஏறி வருவார். குறைந்தது 9 சதுர மீட்டர் இருந்தால்தான் ஓர் அறையை வீடு என்று வாடகைக்கு விடலாம் என 2002-இல் அங்கே விதி வந்தது, கூரை உயரத்தை வைத்து வேறொரு அளவும் உண்டு. அத்தகைய விதி தேவைப்பட்டது என்றாலே அதைவிடச் சிறிய பொந்துகளில் மனிதர்களை அடைத்திருந்தார்கள் என்றுதான் பொருள். நிறவெறியும் வர்க்கக் கொடுமையும் அங்கே உயிரோடு இருக்கின்றன. அதை மறந்துவிட்டு வெளிநாட்டைக் கொண்டாடுவது நம் வேலையல்ல.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் படிக்கட்டைக் கட்டியது வர்க்கம். அதில் ஏறியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனிப் பெண்ணின் பேத்தி அதில் ஏற வேண்டியதில்லை. அவள் கீழே இறங்கி வேறு தெருவுக்குப் போனதும் படிக்கட்டு அவள் பின்னால் வராது. சாதி அப்படியல்ல. அது படிக்கட்டை நம் முதுகில் கட்டி அனுப்புகிறது.

அதற்குச் சாட்சி அதே பாரிஸிலேயே கிடைத்தது. மூன்றாம் நாள் சோற்றுக்கு ஏங்கி லா சப்பல் போனேன். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்த பெரியவர் அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எண்பதுகளில் வந்த புதிதில் அப்படி ஓர் அறையில்தான் நான்கு பேர் இருந்தார்களாம். பகலில் வேலைக்குப் போகிறவர்களும் இரவில் போகிறவர்களும் முறை வைத்து ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள். "அந்தப் படியிலதான் தம்பி எங்கட கால் தேஞ்சது" என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

பிறகு கேட்டார். "தம்பி இந்தியாவில எவடம்?"

"சென்னை ஐயா."

"சொந்த ஊர்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவருக்கு அது எங்கே என்று தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் விடவில்லை. "அங்க நீங்கள் என்ன ஆக்கள்?"

நான் மறைக்கவில்லை. "சேரி ஐயா" என்றேன்.

ஒரு நொடி அமைதி. பிறகு அவசரமாக, "அதுக்கென்ன தம்பி, இஞ்ச நாங்கள் உதுகள் ஒண்டும் பாக்கிறேல்ல" என்றார். பார்ப்பதில்லை என்றால் கேட்டது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர், என் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார். அகதியாக வந்து, அந்நிய நாட்டின் பின்படிக்கட்டில் காலம் தேய்ந்த மனிதர் அவர். அந்த அனுபவம்கூட அந்த ஒரு கேள்வியை அவர் நாக்கிலிருந்து துடைக்கவில்லை. அந்த நாட்டிலேயே ஈழத்துத் தோழர்கள் இலங்கைத் தலித் சமூக மேம்பாட்டு முன்னணி என்று தனி அமைப்பு கட்ட வேண்டிவந்தது ஏன் என்று எனக்கு அந்த மேசையில் புரிந்தது. பாரிஸில் நான்கு நாளில் என் சாதியைக் கேட்ட ஒரே ஆள் ஒரு தமிழர்.

அன்று இரவு அந்தச் சரிந்த கூரைக்கு அடியில் படுத்தபடி அண்ணல் அம்பேத்கரின் பரோடா அனுபவத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசில் வேலைக்குச் சேர வந்தார். வெளிநாட்டு வாழ்க்கை தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே அவரிடமிருந்து அழித்திருந்தது. பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்பி வந்தது, எங்கே தங்குவது என்ற கேள்வியாக. இந்து விடுதியில் இடம் கிடைக்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார். இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்துவ நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்; கணவனும் மனைவியும் பார்ப்பனராக இருந்து மதம் மாறியவர்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்த மனிதர் ஒரு பூங்காவில் உட்கார்ந்து இரவு ரயிலுக்காகக் காத்திருந்து பம்பாய் திரும்பினார்.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். சரி, புதிய கதைக்கு வருவோம். ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர் தகுதியை ஒரே சமூகத்தாருக்கு மட்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகமதாபாத்தின் ஒரு பார்சி சங்கம் தொடர்பான வழக்கு அது. பார்சிகள் சிறுபான்மையினர், அவர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. அந்த வாசல் திறந்தால் அதன் வழியாக எந்த ஆதிக்கச் சாதியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல். அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் லிஃப்ட் இல்லை. அன்று அது நம் வாழ்க்கையில் இல்லை. இன்று இருக்கிறது.

பாரிஸில் பின்படிக்கட்டு கடந்த காலத்தின் மிச்சம். நாமோ இப்போதுதான் அதைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கடந்த சில ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களில், கண்ணாடியும் கிரானைட்டும் பதித்த வாசல்களில், வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் என்று திட்டமிட்டே வைக்கிறார்கள். சாமான் ஏற்றப் பெரிய லிஃப்ட் இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் வரும் ஒரு பெண்ணை சாமான் லிஃப்டில் போகச் சொல்வதுதான் பிரச்சினை.

இது வர்க்கப் பாகுபாடுதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது இதுதான். பாரிஸில் எனக்குச் சொன்ன காரணம் பணம். பங்கு கட்டினால் சாவி. சென்னையில் சொல்லும் காரணம் சுத்தம். என் அம்மா கழுவிய தட்டில் சாப்பிடலாம், அம்மா பெருக்கிய அறையில் தூங்கலாம், அம்மா குளிப்பாட்டிய குழந்தையைக் கொஞ்சலாம். அம்மாவோடு ஒரு நிமிடம் லிஃப்டில் நின்றால் மட்டும் அசுத்தம். எந்தச் சோப்பாலும் போகாத இந்த அசுத்தத்துக்கு உலகத்தில் வேறெங்கும் பெயர் கிடையாது, நம்மிடம் இருக்கிறது. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை என்றால் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். அதன் நகரத்து வடிவம்தான் இரட்டை லிஃப்ட். அதைப் பார்த்துக்கொண்டே நாம் தினமும் ஏழாவது மாடிக்குப் போகிறோம்.

'நாம்' என்று சொல்வதில் நானும் சேர்த்தி. என் அலுவலக நண்பன் அப்படி ஒரு குடியிருப்பில் இருக்கிறான். அங்கே பலமுறை போயிருக்கிறேன். அடையாள அட்டை கழுத்தில் தொங்க முதன்மை லிஃப்டில் ஏறியிருக்கிறேன். பக்கத்தில் அம்மா வயதுப் பெண்கள் மற்ற லிஃப்டுக்காக நிற்பதைப் பார்த்துவிட்டு கைபேசியைப் பார்த்திருக்கிறேன். பாரிஸில் ஒரு முற்றத்தைக் கடந்தபோது எனக்கு வந்த அவமானம், சென்னையில் அந்த லிஃப்டுக்குள் நின்றபோது வந்திருக்க வேண்டும்.

வீட்டுத் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் வந்தது. இந்தியா இன்னும் அதில் இணையவில்லை. சட்டத்துக்கான போராட்டம் நீண்டது, அதைச் சங்கங்கள் நடத்திக்கொண்டிருக்கின்றன. ஆனால் இந்த லிஃப்ட் அறிவிப்பைக் கிழிக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் அடுக்குமாடியில் சொந்தமாகவோ வாடகைக்கோ இருக்கிறீர்கள். உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், தண்ணீர் லாரிக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவே, இதை ஒரு பொருளாக எழுதிக் கொடுங்கள். அந்த அறிவிப்பு யார் முடிவில், எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். சுத்தம் என்று வாயால் சொல்கிறவர்கள் அதைக் கையெழுத்திட்டுத் தரத் தயங்குவார்கள். வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம் "நீங்க இந்த லிஃப்டுலயே வாங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் போய்விடாதீர்கள். வம்பு அவர் தலையில் விழும், வேலை போகும். நீங்களும் கூட நின்று ஏறுங்கள்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பெகாசீனைப் பற்றிச் சொன்னேன். வாய் இல்லாத பொம்மையா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அந்த வீட்டுக்கார அம்மா காபி கொடுத்ததைக் கேட்டார். எந்தக் கோப்பையில் என்று அவரும் கேட்டார்.

"அவங்க குடிக்கிற மாதிரிதான்மா."

"கழுவி வெக்கச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவங்களே கழுவுனாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் எழுந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, முதல் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த வார முழுக்க வேலையாட்கள் லிஃப்ட் ரிப்பேர்.